ஃபார்வர்டு செக் பண்ற குரூப்: அடிக்கடி கேட்கிற கேள்விங்க

டீக்கடைல, கல்யாணப் பந்தில, பஸ்ஸுல எங்க பாத்தாலும் இதே கேள்விங்கதான் வருது, ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்லி வாய் வலிக்குது, அதான் மொத்தமா எழுதிட்டேன்.

நீங்கல்லாம் யாரு, உங்களுக்கு யாரு இந்த வேலை குடுத்தா?

யாரும் குடுக்கல. மன்னார்குடி, நீடாமங்கலம், திருத்துறைப்பூண்டி, கும்பகோணம்னு சுத்துப்பட்டு ஆளுங்க 17 பேரு. ரிட்டயர்டு வாத்தியார் ஒருத்தர், உரக்கடை வச்சிருக்கிற அண்ணன், ரெண்டு காலேஜ் புள்ளைங்க, மினிபஸ் கண்டக்டர், செல்போன் சர்வீஸ் கடைத் தம்பி, அங்கன்வாடி அக்கா ஒருத்தங்க, அப்புறம் ஆத்துல மதகு திறந்து மூடுற லஸ்கர் வேலை பாத்து ரிட்டயர்டு ஆன ஒரு அய்யா. இவருதான் எங்க சொத்து, ஏன்னு கீழ சொல்றேன்.

வாட்ஸ்அப்புல சுத்துற மேட்டர் உண்மையா பொய்யான்னு பாத்துச் சொல்றோம், அவ்வளவுதான். யூடர்ன், பூம், ஆல்ட் நியூஸ் மாதிரி முழுநேரமா பண்றவங்க இருக்காங்க, அவங்க நாட்டளவுல பெருசா ஓடுறதைப் பாப்பாங்க. பாமணி ஆத்துல கரை உடைஞ்சுச்சா, நாளைக்கு திருவாரூர் மாவட்டத்துக்கு லீவா, கொள்முதல் நிலையத்துல ஈரப்பதம் எவ்வளவு வரைக்கும் எடுக்கறாங்க, இதெல்லாம் அவங்க கைக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள நெல்லு முளைச்சிடும். அந்த இடைவெளியைத்தான் நாங்க பாக்கறோம்.

எதுக்கு ஆரம்பிச்சீங்க?

2018ல நடந்தது ஞாபகம் இருக்கும். புள்ளை புடிக்கிறவங்க வந்திருக்காங்கன்னு ஒரு வீடியோ நாடு முழுக்க ஓடுச்சு, பைக்ல வந்து ஒரு புள்ளையைத் தூக்கிட்டுப் போற மாதிரி. அது கராச்சியில விழிப்புணர்வுக்காக நடிச்சு எடுத்தது, கடைசில புள்ளையைத் திருப்பிக் கொண்டாந்து விட்டு இது விழிப்புணர்வுன்னு அட்டை காட்டுவாங்க, அந்தப் பகுதியை மட்டும் வெட்டிட்டு அனுப்பிட்டாங்க. அந்த வருஷம் மே மாசம் போளூர் பக்கம் குலதெய்வக் கோயிலுக்குப் போன 65 வயசு அம்மாவை ஊரே சேந்து அடிச்சுக் கொன்னுது. புள்ளைங்களுக்கு சாக்லேட் குடுத்தாங்க, அதான் அவங்க பண்ண தப்பு.

அதே வீடியோவை எங்க தெருல நாலு பேரு அனுப்பினாங்க, நானும் ரெண்டு குரூப்புக்குத் தள்ளிவிட்டேன். போளூர் செய்தி பேப்பர்ல வந்த அன்னைக்கு சோறு இறங்கல. அப்புறம் நவம்பர்ல கஜா புயல். 16ஆம் தேதி விடியக்காலை வேதாரண்யம் நாகப்பட்டினம் நடுவுல கரையைக் கடந்துச்சு, நாள் கணக்கா கரண்ட் இல்ல, யாராவது டவுனுக்குப் போய் சார்ஜ் போட்டுட்டு வந்தா அந்த போன்ல வர்றதுதான் ஊருக்கே செய்தி. அதுல பாதி "இன்னொரு புயல் வருது"ங்கற ரகம். அப்ப நாங்க மூணு பேரு ஒரு நோட்டுல எழுத ஆரம்பிச்சதுதான்.

ஒரு மெசேஜ் வந்தா உள்ள என்னதான் நடக்கும்?

நிறைய பேரு நினைக்கறது யாரோ ஒரு புத்திசாலி கம்ப்யூட்டர்ல தட்டிக் கண்டுபிடிக்கறான்னு. கண்டுபிடிக்கறது கால்வாசி வேலை, மிச்சம் முக்கால்வாசி ஆளுங்களை ஒழுங்குபடுத்தறது. ஆரம்பத்துல ஒரே படத்தை ஆறு பேரு தேடுவோம், பக்கத்துல இருக்கிற முக்கியமான ஆடியோவை ஒருத்தரும் தொடமாட்டோம், வாய்க்கால்ல எல்லாரும் ஒரே நேரத்துல மடையைத் திறந்தா யாருக்கும் பாயாதுல்ல, அந்தக் கதைதான். அதனால முறைப்பாசனம் மாதிரி முறை வச்சோம். ஒரு நாளைக்கு ரெண்டு பேரு டூட்டி. யாரு அனுப்பினாலும் டூட்டி ஆளு முதல்ல ஒரு கூகுள் ஷீட்ல ஏத்துவாரு: எப்ப வந்துச்சு, எத்தனை குரூப்புல பாத்தோம், இதை நம்பினா யாருக்கு என்ன ஆகும். அந்தக் கடைசி கேள்விதான் வரிசையை முடிவு பண்ணும். நடிகர் செத்துட்டாருன்னு வர்றது காத்திருக்கலாம், மதகு உடைஞ்சிடுச்சுன்னு வந்தா காத்திருக்க முடியாது.

அப்புறம் யாராவது "எடுத்துட்டேன்"னு போடணும். அந்த ஒரு வார்த்தை போட்டாச்சுன்னா அது அவரு பொறுப்பு, வேற யாரும் கை வைக்க மாட்டாங்க, முடியலன்னா "விட்டுட்டேன்"னு போட்டுட்டுப் போகலாம், வெக்கப்பட வேண்டியதில்ல. அவரு ஆதாரத்தோட முடிவை எழுதினதும் இன்னொருத்தர் முதல்ல இருந்து தனியா செக் பண்ணுவாரு, முதல் ஆளு எழுதினதைப் படிக்காமலே. ரெண்டும் ஒத்துப் போனாத்தான் வெளில போகும். ஒத்துப் போகலன்னா வாத்தியார்கிட்ட போகும், அவரு போனை எடுக்க மாட்டாரு, அது வேற பிரச்சனை.

இது எங்க கண்டுபிடிப்பு இல்ல. பிரேசில்ல 2018 தேர்தல் சமயத்துல காம்ப்ரோவான்னு 24 ஊடகங்க சேந்து ஒண்ணு ஆரம்பிச்சாங்க, தொழில்ல ஒருத்தருக்கொருத்தர் போட்டியாளருங்க, ஆனா மூணு ஊடகமாவது சரின்னு கையெழுத்துப் போடாம ஒண்ணும் வெளிய வராது. எங்ககிட்ட இருக்கிற ஆளுக்கு ரெண்டுதான் கட்டுப்படியாகும்.

படம், வீடியோ பழசுன்னு எப்படிக் கண்டுபிடிக்கறீங்க?

படம்னா கூகுள் லென்ஸ், யாண்டெக்ஸ், டின்ஐன்னு படத்தை வச்சே தேடற மூணு தளத்துலயும் போட்டுப் பாப்போம், ஒண்ணுல கிடைக்காதது இன்னொண்ணுல கிடைக்கும். வீடியோன்னா நாலஞ்சு இடத்துல நிறுத்தி ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஒவ்வொண்ணையும் தேடணும். கிடைச்ச பக்கத்தை உடனே வேபேக் மெஷின்ல, அதாவது இணையப் பக்கத்தை நகலெடுத்து வைக்கிற தளத்துல, சேமிச்சிடுவோம், ஏன்னா நாம கேள்வி கேட்டதும் போட்டவன் அழிச்சிட்டுப் போயிடுவான்.

ஆனா உண்மையான துப்பு படத்துக்குள்ளதான் இருக்கும். வண்டி நம்பர் டிஎன் 50ன்னா திருவாரூர், 49 தஞ்சாவூர், 51 நாகை, 68 கும்பகோணம். கடை போர்டுல பழைய எஸ்டிடி கோடு இருக்கும், 04367ன்னா மன்னார்குடி, 0435ன்னா கும்பகோணம். ஒருதடவை "நாளை விடுமுறை"ன்னு டிவி லோகோ போட்ட நியூஸ் கார்டு ஒண்ணு ஊரெல்லாம் சுத்துச்சு, தேதியை மட்டும் மாத்தி ஒட்டியிருக்காங்க, எழுத்துரு எல்லாம் பக்காவா இருந்துச்சு. காலேஜ் பொண்ணு ஒரு நிமிஷம் பாத்துட்டு "அண்ணே, இதுல சீர்காழியை நாகப்பட்டினம் மாவட்டத்துல போட்டிருக்கு"ன்னுச்சு. மயிலாடுதுறை தனி மாவட்டமா ஆனது 2020ல. அப்ப இந்தக் கார்டு அதுக்கு முன்னாடியது, முடிஞ்சுது கதை. எந்த சாப்ட்வேரும் இதைச் சொல்லாது, ஊர்க்காரப் புள்ளைதான் சொல்லும்.

லஸ்கர் அய்யாவும் அப்படித்தான். 2018 ஆகஸ்ட் 22 ராத்திரி முக்கொம்புல கொள்ளிடம் மேலணை மதகு ஒன்பது அடிச்சிட்டுப் போச்சுல்ல, அந்த வீடியோ ஒவ்வொரு வெள்ளத்துக்கும் புதுப்பேரோட வரும், ஒருதடவை கல்லணைன்னு, ஒருதடவை அணைக்கரைன்னு. அய்யா கண்ணாடியைக் கூடப் போடாம "இது காட்டன் தொரை கட்டுன மேலணைய்யா, தூணைப் பாரு, கல்லணைல எங்க இப்படித் தூணு இருக்கு"ம்பாரு. நாங்க தேடி முடிக்க அரைமணி ஆகும்.

தண்ணி கணக்கு மெசேஜ்தான் நிறைய வருதாமே?

ஆமாய்யா, ஜூன் மாசம் ஆனா போதும். மேட்டூரைத் திறக்கிற வழக்கமான தேதி ஜூன் 12, எல்லா வருஷமும் அப்படி நடக்காது. 2022ல மே 24லயே திறந்தாங்க, 2024ல தண்ணி இல்லாம ஜூலை 28 ஆச்சு. அந்த 2024 ஜூன் ஜூலைல வாரத்துக்கு மூணு "திறந்தாச்சு" வீடியோ, எல்லாம் முந்தைய வருஷத்துப் பூத்தூவல். அதை நம்பி நாத்தங்கால் போட்டவன் கதி என்ன ஆகும் சொல்லுங்க.

இன்னொரு ரகம் கன அடியையும் டிஎம்சியையும் குழப்பறது. "மேட்டூர்ல இருந்து இன்னைக்கு 50 டிஎம்சி திறப்பு"ன்னு வரும். ஒரு டிஎம்சிங்கறது நூறு கோடி கன அடி. அதை ஒரு நாள் முழுக்க விட்டா விநாடிக்கு சுமார் 11,574 கன அடி. 50 டிஎம்சின்னா விநாடிக்கு அஞ்சே முக்கால் லட்சத்துக்கும் மேல போகணும், அணையோட மொத்தக் கொள்ளளவே 93.47 டிஎம்சி, பாதிக்கு மேல ஒரே நாள்ல காலி, அப்படி வந்தா நாம இதை போன்ல பாத்துட்டு உக்காந்திருக்க மாட்டோம். விநாடிக்கு 50 ஆயிரம் கன அடிங்கறதை யாரோ 50 டிஎம்சின்னு தட்டியிருப்பாங்க, அவ்வளவுதான், கெட்ட எண்ணம்லாம் இல்ல. பாதிப் பொய்யி இப்படிக் கைதவறிப் பொறக்கறதுதான்.

காவிரித் தீர்ப்பு கணக்கும் அடிக்கடி வரும். 2007 நடுவர் மன்றம் தமிழ்நாட்டுக்கு 419 டிஎம்சின்னுச்சு, 2018 பிப்ரவரி 16 உச்ச நீதிமன்றம் அதுல 14.75 குறைச்சு 404.25 ஆக்குச்சு, எல்லையில இருக்கிற பிலிகுண்டுலுல கர்நாடகா விடவேண்டியது 177.25. இந்த மூணு நம்பரையும் கலந்து அடிச்சு யாருக்கு வேணுமோ அவங்கவங்க அனுப்பிக்கறாங்க. ஷீட்ல மேலயே ஒட்டி வச்சிருக்கோம்.

கட்சி மேட்டர் வந்தா?

சண்டை வரும். மறைக்க என்ன இருக்கு. எங்க 17 பேருல நாலு கட்சிக்காரங்க இருக்காங்க, வேணும்னேதான் சேத்தோம். கட்சி சம்பந்தப்பட்டது எதுவா இருந்தாலும், எந்தக் கட்சிக்கு அந்த முடிவு கசக்குமோ அந்தக் கட்சிக்காரர் ஒருத்தர் "சரி"ன்னு சொல்லணும். உரக்கடை அண்ணன் தன் கட்சித் தலைவர் பேசினதா வந்த வீடியோவை வெட்டல ஒட்டல, முழுசாவே அப்படித்தான் பேசினாருன்னு ஒத்துக்க ரெண்டு நாள் எடுத்துக்கிட்டாரு. ஆனா அவரு ஒத்துக்கிட்டதுக்கு அப்புறம் அந்தக் கட்சி குரூப்புல அவரே போட்டாரு, நாங்க போட்டிருந்தா உதைதான்.

எக்ஸ்ல கம்யூனிட்டி நோட்ஸ்னு ஒண்ணு இருக்குல்ல, 2021ல பேர்ட்வாட்ச்ங்கற பேர்ல அமெரிக்காவுல ஆரம்பிச்சு 2024 ஏப்ரல்ல இந்தியாவுக்கு வந்தது, அதுவும் இதே யோசனைதான். எத்தனை பேரு ஓட்டு போட்டாங்கன்னு மட்டும் பாக்காது, வழக்கமா ஒத்துப்போகாத ரெண்டு தரப்பும் இந்தக் குறிப்பு உதவுதுன்னு சொன்னாத்தான் எல்லாருக்கும் காட்டும். குறை என்னன்னா, சூடான மேட்டர்ல ரெண்டு பக்கமும் ஒத்துக்கறதுக்குள்ள அது ஊரைச் சுத்தி வந்துடும். தைவான்ல 2016ல இருந்து ஓடுற கோஃபேக்ட்ஸ் வேற மாதிரி: வாட்ஸ்அப் மாதிரி அங்க இருக்கிற லைன் ஆப்புல வந்த மெசேஜை, தானா பதில் சொல்ற ஒரு சாட்பாட் கணக்குக்கு அனுப்பினா தன்னார்வலருங்க எழுதின பதிலைத் திருப்பி அனுப்பும், யாரு வேணா பதில் எழுதலாம், ஒரே மெசேஜுக்கு ரெண்டு மூணு பதில் இருந்தா எல்லாத்தையும் காட்டும், படிக்கறவங்க முடிவு பண்ணிக்கட்டும்னு. எனக்கு அது பிடிக்கும், ஆனா நம்ம ஊர்ல மூணு பதில் குடுத்தா எது பிடிச்சுதோ அதை மட்டும் வெட்டி அனுப்புவாங்க.

கலெக்டர் ஆபீஸ்ல மறுத்துட்டா அதோட முடிஞ்சுதா?

லீவு, மதகு, கொள்முதல் மாதிரி அவங்களே முடிவு பண்ற விஷயத்துல அவங்க சொல்றதுதான் கடைசி, மழை நேரத்துல 1077க்கு போட்டுக் கேட்டா சொல்லுவாங்க. தமிழ்நாடு அரசுக்கே 2023ல இருந்து ஒரு தகவல் சரிபார்ப்பகம் இருக்கு, அதையும் பாப்போம். ஆனா அரசாங்கத்து மேலயே குறை சொல்ற மெசேஜ்னா அவங்க மறுப்பு ஒரு ஆதாரம்தான், தீர்ப்பு கிடையாது. குற்றம் சாட்டப்பட்டவரே நீதிபதின்னா எப்படி. மத்திய அரசு தன்னைப் பத்தின செய்தியில எது பொய்னு தானே முடிவு பண்ற மாதிரி ஐடி விதியை மாத்தினப்ப 2024 செப்டம்பர்ல பாம்பே ஐகோர்ட்டு அதை ரத்து பண்ணுச்சு. அந்த மாதிரி மேட்டர்ல நேர்ல போய்ப் பாப்போம், இல்லன்னா அந்த ஊர்ல தெரிஞ்ச ரெண்டு பேருகிட்ட தனித்தனியா கேப்போம்.

நீங்க தப்பு பண்ணதே இல்லையா?

பண்ணியிருக்கோம். ஒரு ஐப்பசி அடைமழை. வாய்க்கால் கரை உடைஞ்சு தண்ணி வருதுன்னு ஒரு வீடியோ, ராத்திரி எட்டரைக்கு. நான் டூட்டி. தேடினேன், அதே மாதிரி ஒரு வீடியோ ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி யூடியூப்ல இருந்துச்சு, அதே வளைவு, அதே பனைமரம். "பழசு"ன்னு போட்டேன். ரெண்டாவது ஆளு பஸ்ஸுல இருந்தாரு, சிக்னல் இல்ல, அவசரம்னு நானே அனுப்பிட்டேன். அது அதே இடம்தான், ஆனா அன்னைக்கு எடுத்தது. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி உடைஞ்ச அதே இடத்துலயே திரும்ப உடைஞ்சிருக்கு. நாங்க பழசுன்னு சொன்னதை நம்பி களத்துல இருந்த மூட்டையை எடுக்காம விட்டவங்க மூணு வீடு. காலைல போனேன், குறுவை நெல்லு, சாக்கு அடில எல்லாம் ஊறி நாறிப்போச்சு. அந்த வீட்டுப் பெரியம்மா திட்டவே இல்ல, "ஏந்தம்பி, ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம்ல"ன்னாங்க. திட்டியிருந்தா பரவால்ல.

அன்னைக்கே எல்லா குரூப்புலயும் "நாங்க சொன்னது தப்பு"ன்னு போட்டோம், முதல் பதில் போன எல்லா இடத்துக்கும், அதே படத்தோட. சர்வதேச உண்மைச் சரிபார்ப்பு வலையமைப்புன்னு 2015ல ஆரம்பிச்சது ஒண்ணு இருக்கு, அதோட விதியிலயே தப்பை வெளிப்படையாத் திருத்தணும்னு இருக்கு, ஆதாரத்தையும் பணம் எங்க இருந்து வருதுங்கறதையும் காட்டணும்னும் இருக்கு. அதுக்கப்புறம் எங்க குரூப்புல ரெண்டு மாத்தம். ஒண்ணு, ரெண்டாவது ஆளு இல்லாம டூட்டி ஆளு அனுப்பவே முடியாது, அனுப்பற போனு வேற ஒருத்தர் கைல. ரெண்டாவது, "இன்னும் தெரியல"ன்னு ஒரு பதில். உயிர், பயிர் சம்பந்தப்பட்டதுன்னா "இன்னும் தெரியல, ஜாக்கிரதையா இருங்க"ன்னு அஞ்சு நிமிஷத்துல போயிடும். முன்னாடி அப்படிச் சொல்ல அசிங்கமா இருந்துச்சு.

பெரிய கோயில் நிழல் தரைல விழாதுங்கறதையும் செக் பண்ணீங்களாமே, அதெல்லாம் தேவையா?

பண்ணோம். தஞ்சாவூர்ல படிக்கிற பொண்ணு சாயந்திரம் நாலரைக்குப் போய் நிழல் மேல நின்னுக்கிட்டு போட்டோ எடுத்து அனுப்புச்சு. 216 அடி விமானம், நிழல் எவ்வளவு நீளம் பாருங்கன்னு. உடனே "மத்தியானம் விழாதுன்னுதானே சொன்னோம்"னு மாத்தினாங்க. சூரியன் உச்சில இருக்கறப்ப அகலமான அடித்தளத்து மேல குறுகிக்கிட்டே போற எந்தக் கட்டடத்துக்கும் நிழல் அதுமேலயே விழும், டிசம்பர்ல சூரியன் தெக்கால சாயறப்ப மத்தியானமே வடக்குப் பக்கம் தரைல விழும். ராஜராஜன் 1010ல குடமுழுக்கு பண்ண கோயிலுக்குப் பெருமை சேக்க நிழல் கதை எதுக்குங்க. இதுக்கு வந்த திட்டு மாதிரி வேற எதுக்கும் வரல. தேவையான்னா, புதுசா வர்றவங்களுக்குப் பழக இது நல்ல பாடம், நம்பினவனுக்கும் நஷ்டம் இல்ல.

நீங்க சொன்ன பதில் பொய்யி போன இடத்துக்கெல்லாம் போகுதா?

போகாது. கடைமடைக்குத் தண்ணி போற மாதிரிதான். வாட்ஸ்அப்புல மெசேஜ் பூட்டின பெட்டி மாதிரி, அது யார் யாருக்குப் போச்சுன்னு வெளியாளு யாரும் பாக்க முடியாது, அதனாலதான் உங்களுக்கு வந்ததை நீங்களே எங்களுக்கு அனுப்பணும்னு கெஞ்சறோம். 2018ல இந்தியாவுல ஒரு தடவைக்கு அஞ்சு பேருக்கு மேல ஃபார்வர்டு பண்ண முடியாதுன்னாங்க, 2020 ஏப்ரல்ல ரெட்டை அம்புக்குறி வந்ததை ஒரு நேரத்துல ஒரு சாட்டுக்குத்தான்னு ஆக்கினாங்க, வேகம் கொஞ்சம் குறைஞ்சுது.

எங்க வழி என்னன்னா, ஒவ்வொருத்தரும் தான் இருக்கிற குரூப்புல மட்டும் போடறது. கோயில் கமிட்டி குரூப்புல வாத்தியார், மகளிர் குழு குரூப்புல அங்கன்வாடி அக்கா, உரம் வாங்கறவங்க குரூப்புல உரக்கடை அண்ணன். எழுதறப்ப முதல் வரில உண்மை என்னன்னு வரணும், பொய்யை ஒரு வரில சொல்லிட்டு மறுபடி உண்மை. பொய்யோட படத்தைப் போட்டா குறுக்க செவப்புல பெருசா அடிச்சிருக்கணும், இல்லன்னா அதையே வெட்டி எடுத்து அனுப்புவாங்க, நடந்திருக்கு. நாலு வரிக்கு மேல போனா யாரும் படிக்க மாட்டாங்க, வயசானவங்களுக்கு அக்கா குரல்ல அரை நிமிஷ ஆடியோ. அனுப்பினவரு பேரைச் சொல்லவே கூடாது. மாமா முறை ஆளை எல்லாரு முன்னாடியும் "பொய் அனுப்பிட்டீங்க"ன்னா அவரு இன்னும் பத்து அனுப்புவாரு. தனியா போன் போட்டு "மாமா, நீங்க அனுப்பினதைப் பாத்தேன், எனக்கும் முதல்ல அப்படித்தான் தோணுச்சு"ன்னு ஆரம்பிக்கணும்.

காசு?

யார்கிட்டயும் வாங்கறதில்ல. ஒரு சிம்மு, அதுக்கு ரீசார்ஜ், முறை வச்சுப் போடறோம். தேர்தல் நேரத்துல ஒருத்தர் கவரோட வந்தாரு, டீ வாங்கிக் குடுத்து அனுப்பிட்டோம்.

ஆடியோ வந்தா, அதுவும் இப்ப ஏஐ குரல்னு சொல்றாங்களே?

இது கஷ்டம், ஒத்துக்கறேன். "நான் கலெக்டர் ஆபீஸ்ல இருந்து பேசறேன்"னு வர்ற குரலை எதுல போட்டுத் தேடறது. குரலை விட்டுட்டு உள்ள என்ன சொல்றாங்கன்னு பாக்கறோம்: தேதி சொன்னாங்களா, ஊர் பேரைச் சரியா உச்சரிச்சாங்களா, சொன்னது வேற எங்கயாவது வந்திருக்கா. பயிர்க் காப்பீட்டுக்குக் கடைசி நாளை நீட்டிச்சாச்சு, இந்த நம்பருக்குப் பணம் கட்டுங்கன்னு ஒரு ஆடியோ வந்துச்சு. சம்பாவுக்கு வழக்கமா நவம்பர் 15, சில வருஷம் நிஜமாவே நீட்டிச்சிருக்காங்க, அதனால பாதி நம்பற மாதிரி இருக்கும். ஆனா பணம் கட்டறது பொது சேவை மையம், கூட்டுறவு சங்கம், பேங்க்லதான், யாரோ ஒருத்தர் போன் நம்பருக்கு இல்ல. ஏஐயா இல்லையான்னு ஆராயவே தேவைப்படல. பணம் போயிட்டா உடனே 1930க்கு போடுங்க, எங்களுக்கு அப்புறம் சொல்லிக்கலாம்.

நானும் சேரலாமா?

வாங்க. முதல் மாசம் ஷீட்ல ஏத்தற வேலை மட்டும், முடிவு எழுத விட மாட்டோம், அதுல பாதிப் பேரு போர் அடிக்குதுன்னு போயிடுவாங்க. மத்த நாளுக்கெல்லாம் ஆளு இருக்கு, வெள்ளிக்கிழமை ராத்திரி ஏழுல இருந்து பத்து வரைக்கும்தான் காலியா கிடக்கு, கண்டக்டர் தம்பிக்கு அன்னைக்கு டிரிப்பு மாத்திட்டாங்க. யாராவது அந்த முறையை எடுத்துக்கிட்டா புண்ணியமாப் போகும்.